மலைப் பூக்களின் நிறமி நொதிகள்: ஆய்வகத்தில் தயாரிப்பது, சோதிப்பது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நீலகிரியிலும் கொடைக்கானலிலும் தாவரவியல், உயிர்வேதியியல், உயிரித் தொழில்நுட்பம் படிக்கும் மாணவர்கள் ப்ராஜெக்ட் நேரம் வந்ததும் கேட்கிற கேள்விகள் இவை. ஆசிரியர்கள் கேட்டவையும் உண்டு, கார்னேஷன் பயிரிடும் விவசாயி ஒருவர் கேட்டதும் உண்டு. ஊட்டியில் ஒரு சிறிய ஆய்வகத்தில் இந்த வேலையைச் செய்துவருகிறவன் என்ற முறையில் பதில் எழுதியிருக்கிறேன். செய்முறைப் புத்தகங்கள் பெரும்பாலும் சமவெளி ஊர்களை மனதில் வைத்து எழுதப்பட்டவை. மலைக்கு எதை மாற்ற வேண்டும் என்பதையும் அங்கங்கே சேர்த்திருக்கிறேன்.

நிறமி நொதி என்று எதைச் சொல்கிறோம்?

பூவில் நாம் பார்க்கும் சிவப்போ ஊதாவோ ஒரேயடியாக உருவாவதில்லை. ஃபினைல்அலனைன் என்ற சாதாரண அமினோ அமிலத்தில் ஆரம்பித்து, படிப்படியாக மாறி, கடைசியில் ஆந்தோசயனின் என்ற நிறமியாகிறது. ஒவ்வொரு படியையும் நடத்திவைப்பது ஒரு நொதி. முதல் படி ஃபினைல்அலனைன் அம்மோனியா லையேஸ் உடையது. இதை இனி பிஏஎல் என்று எழுதுகிறேன். நடுவில் வருவது சால்கோன் சிந்தேஸ். ஒரு கூமரோயில் கோஏ மூலக்கூறோடு மூன்று மலோனைல் கோஏ மூலக்கூறுகளைச் சேர்த்து மஞ்சள் நிறச் சால்கோனைத் தருவது இதுதான். சால்கோன் ஐசோமெரேஸ் அதை வளையமாக்குகிறது. இன்னும் சில படிகள் தள்ளி டைஹைட்ரோஃபிளேவனால் ரிடக்டேஸ், சுருக்கமாக டிஎஃப்ஆர். அப்புறம் ஆந்தோசயனிடின் சிந்தேஸ். கடைசியாகச் சர்க்கரையை ஒட்டவைக்கும் குளுக்கோசில் டிரான்ஸ்ஃபரேஸ். சர்க்கரை ஒட்டிய பிறகுதான் நிறமி நிலைத்து நிற்கும்.

கேரட்டின் ஆரஞ்சு வேறு வழியில் வருகிறது. அது கரோட்டினாய்டு. பீட்ரூட்டின் சிவப்பு மூன்றாவது வழி. டைரோசினில் தொடங்கும் அந்த நிறமிக்குப் பீட்டாலைன் என்று பெயர். பீட்டாலைன் செய்யும் செடி ஆந்தோசயனின் செய்யாது. இயற்கையில் இரண்டையும் ஒரே செடியில் யாரும் கண்டதில்லை. கேத்திப் பள்ளத்தாக்குப் பக்கம் போனால் கேரட் பாத்தி, பீட்ரூட் பாத்தி, வேலியோரத்தில் ஹைட்ராஞ்சியா என்று மூன்று குடும்பமும் கைக்கெட்டும் தூரத்தில் கிடைக்கும். இந்த வேலைக்கு நம் மலையைவிட வசதியான இடம் சொல்வது கடினம்.

மரபணு வரிசை தெரிந்தால் போதாதா? நொதியை ஏன் தனியாகச் செய்து பார்க்க வேண்டும்?

போதாது. பெட்டூனியாவை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கும் டிஎஃப்ஆர் உண்டு, மக்காச்சோளத்துக்கும் உண்டு. வரிசைகளைப் பக்கம் பக்கமாக வைத்துப் பார்த்தால் இரண்டும் ஒரே குடும்பம் என்று தெரிந்துவிடும். ஆனால் பெட்டூனியாவின் டிஎஃப்ஆர், செங்கல் நிறத்துக்கு வழிவிடும் டைஹைட்ரோகெம்ஃபெரால் என்ற பொருளை அநேகமாகச் சீண்டுவதில்லை. மக்காச்சோளத்துடையது அதை எடுத்துக்கொள்ளும். பெட்டூனியாவில் செங்கல் நிறப் பூ இயல்பாக வராமல் போனதற்கு இந்த ஒரு வித்தியாசம்தான் காரணம். 1987இல் மக்காச்சோள மரபணுவைப் பெட்டூனியாவுக்குள் வைத்துக் காட்டியபோது செங்கல் சிவப்பு வந்தது.

தரவுத்தளத்தில் ஒரு வரிசைக்குப் பக்கத்தில் டிஎஃப்ஆர் என்று எழுதியிருந்தால், பெரும்பாலும் அது ஒற்றுமையை வைத்துச் செய்த ஊகம். எந்தப் பொருளை அது எடுத்துக்கொள்கிறது, எவ்வளவு வேகத்தில் மாற்றுகிறது என்பதை நொதியைத் தனியே எடுத்துச் சோதித்தால்தான் சொல்ல முடியும்.

செடிக்குள்ளேயே மரபணுவை வைத்து நிறத்தைப் பார்த்துவிட்டால் ஆகாதா என்று கேட்பார்கள். 1990இல் பெட்டூனியாவின் ஊதாவை இன்னும் அடர்த்தியாக்கச் சால்கோன் சிந்தேஸ் மரபணுவைக் கூடுதலாக வைத்துப் பார்த்தார்கள். பல செடிகள் வெள்ளையாகப் பூத்தன! கூடுதல் மரபணு, செடியின் சொந்த மரபணுவையும் சேர்த்து அமைதியாக்கிவிட்டது. மரபணு மௌனமாதல் என்ற பெரிய துறைக்கு அதுவும் ஒரு வாசல். அந்த வெள்ளைப் பூவை மட்டும் பார்த்துவிட்டு ‘இந்த நொதி வேலை செய்யாது’ என்று ஒருவர் முடிவு கட்டியிருந்தால் அது முழுத் தவறாகியிருக்கும்.

முதன்முதலாக எந்த நொதியை எடுப்பது?

பிஏஎல். யோசிக்கவே வேண்டாம். தண்ணீரில் கரையும் புரதம், வெளியிலிருந்து துணைப்பொருள் எதுவும் சேர்க்கத் தேவையில்லை, அது மாற்றும் அடிப்படைப் பொருளான ஃபினைல்அலனைன் விலை குறைவு. அதில் கை பழகிய பிறகு சால்கோன் ஐசோமெரேஸ் அல்லது டிஎஃப்ஆர். ஆந்தோசயனிடின் சிந்தேஸுக்கு இரும்பு அயனி, ஆஸ்கார்பேட், ஆக்ஸோகுளூட்டரேட் மூன்றும் வேண்டும். இரும்பு சீக்கிரம் ஆக்ஸிஜனேற்றம் அடைந்துவிடும், அதனால் முதல் வருட மாணவருக்கு வேண்டாம்.

பி450 குடும்ப நொதிகளை எடுத்ததும் தொடாதீர்கள். நீல நிறத்துக்கு வழிவிடும் ஃபிளேவனாய்டு 3',5'-ஹைட்ராக்சிலேஸ் இந்த வகை. சவ்வில் ஒட்டியிருக்கும், கூடவே எலக்ட்ரான் தரும் ரிடக்டேஸும் இருந்தால்தான் ஓடும். அதற்கு ஈஸ்ட்டில் தயாரித்து, சவ்வுத் துணுக்குகளைப் பிரித்தெடுத்துச் சோதிக்க வேண்டும். ஆறு மாத ப்ராஜெக்டில் முடிகிற காரியம் இல்லை.

தோட்டத்தில் செடி இருக்கும்போது எதற்குப் பாக்டீரியா? இலையிலிருந்தே எடுக்கக் கூடாதா?

எடுக்கலாம், சில நொதிகளுக்கு அதுதான் நல்லது. தேயிலையின் பாலிஃபீனால் ஆக்சிடேஸ் அப்படி ஒன்று. குன்னூர், கோத்தகிரி பக்கம் ஃபேக்டரியில் பச்சை இலையை உருட்டி நசுக்கியதும் செம்பு நிறம் ஏறுகிறதே, அது இந்த நொதியின் வேலை. கேட்டச்சின்களை ஆக்ஸிஜனேற்றம் செய்து தியாஃப்ளேவின், தியாருபிஜின் என்ற நிறப்பொருள்களாக்குகிறது. நொதியின் மையத்தில் இருப்பது செம்பு உலோகம்.

ஆனால் அதே கேட்டச்சின்தான் நம் வேலையைக் கெடுக்கவும் செய்யும். இலையை வெறும் பஃபரில் (பிஎச் மாறாமல் காக்கும் கரைசல்) அரைத்தால் சில நிமிடங்களில் சாறு பழுப்பாகும். ஃபீனால்கள் புரதத்தோடு பிணைந்து, நமக்கு வேண்டிய நொதியையும் முடக்கிவிடும். அதனால் திரவ நைட்ரஜனில் பொடித்து, ஃபீனாலை உறிஞ்சும் பிவிபிபி தூளைத் தாராளமாகப் போட்டு, ஆஸ்கார்பிக் அமிலம் சேர்த்து, எல்லாவற்றையும் ஐஸில் வைத்துச் செய்ய வேண்டும். சோதிப்பதற்கு முன்பு ஆஸ்கார்பிக் அமிலத்தை வடிகட்டி நீக்கவும் வேண்டும். நீக்காவிட்டால் அது உருவாகும் நிறத்தை உடனுக்குடன் அழித்துக்கொண்டே இருக்கும்.

டிஎஃப்ஆர் போன்றவை இதழில் மிகக் குறைந்த அளவில்தான் இருக்கும். இலையிலிருந்து எடுக்கும் சாற்றில் ஒரே வேலையைச் செய்யும் நாலைந்து உறவுக்கார நொதிகளும் கலந்திருக்கும். எது என்ன செய்தது என்று பிரித்துச் சொல்ல முடியாது. ஒரே ஒரு நொதியின் மரபணுவை வைத்து அதை மட்டும் நிறையச் செய்விக்க, அந்த இடத்தில் ஈ.கோலை பாக்டீரியா தேவைப்படுகிறது.

மரபணுவை எங்கே பெறுவது?

இரண்டு வழி. இதழிலிருந்து ஆர்என்ஏ எடுத்து, அதைச் சிடிஎன்ஏவாக மாற்றி, பிசிஆர் மூலம் பெருக்குவது ஒன்று. டிஎன்ஏவை நேராக எடுக்கக் கூடாது. அதில் புரதத்துக்கு உதவாத இடைத்துண்டுகள் (இன்ட்ரான்கள்) இருக்கும், பாக்டீரியாவுக்கு அவற்றை வெட்டத் தெரியாது. முழுதாக விரிந்த பூவைவிட, நிறம் ஏறத் தொடங்கியிருக்கும் மொட்டுதான் நல்லது. பூ மலர்ந்து முடிந்த நேரத்தில் பல நொதிகளின் ஆர்என்ஏ குறைந்துபோயிருக்கும்.

இன்னொரு வழி, வரிசையைக் கொடுத்து மரபணுவைச் செயற்கையாகச் செய்து வாங்குவது. பாக்டீரியாவுக்கு ஏற்றபடி கோடான்களையும் (ஒவ்வொரு அமினோ அமிலத்தையும் குறிக்கும் மூன்றெழுத்துக் குறிகள்) மாற்றித் தருவார்கள். ஒரே ஒரு நொதிதான் இலக்கு என்றால் இதுவே நேரத்தை மிச்சப்படுத்தும். ஆனால் மாணவர் கற்றுக்கொள்ள வேண்டும் என்றால் முதல் வழியையே சொல்வேன்.

பாக்டீரியாவில் தயாரிக்கும் முறையைச் சுருக்கமாகச் சொல்ல முடியுமா?

மரபணுவை பிஇடி வகைப் பிளாஸ்மிடில் (பாக்டீரியாவுக்குள் தனியாக நிற்கும் வட்ட டிஎன்ஏ), முனையில் ஆறு ஹிஸ்டிடின்கள் கொண்ட ஹிஸ் டேக்கோடு வைக்கிறோம். அதை பிஎல்21 (டிஈ3) என்ற ஈ.கோலை ரகத்துக்குள் செலுத்துகிறோம். எல்பி என்ற ஊட்டக் குழம்பில் 37 டிகிரியில் வளர்த்து, 600 நானோமீட்டர் ஒளியில் அளக்கும் செல் அடர்த்தி 0.6 வந்ததும் வெப்பத்தைக் குறைத்து, 0.1 முதல் 1 மில்லிமோலார் வரை, மரபணுவை முடுக்கிவிடும் ஐபிடிஜி சேர்த்து, இரவு முழுக்கக் குலுக்க விடுகிறோம். காலையில் செல்களைச் சென்ட்ரிஃபியூஜில் இறக்கி, ஐஸில் வைத்தபடி சோனிகேட்டரால் உடைத்து, மறுபடி சுற்றி, தெளிந்த மேல்நீரை, நிக்கல் ஏற்றிய பிசின் நிரப்பிய குழலில் விடுகிறோம். ஹிஸ் டேக் நிக்கலைப் பிடித்துக்கொள்ளும். 20 மில்லிமோலார் இமிடசோலில் கழுவி, 250 மில்லிமோலாரில் இறக்கினால் நொதி வெளியே வரும். புரதங்களை அளவுப்படி பிரிக்கும் எஸ்டிஎஸ் ஜெல்லில் ஓட்டிச் சுத்தத்தைப் பார்க்கிறோம், பிராட்ஃபோர்டு முறையில் அளவை எடுக்கிறோம்.

இமிடசோலை அப்படியே விட்டுவிடாதீர்கள். டயாலிசிஸ் செய்தோ, உப்பு நீக்கும் சிறிய குழலில் விட்டோ எடுத்துவிடுங்கள். நிக்கல் குழலில் விடும் பஃபரில் ஈடிடிஏ இருக்கக் கூடாது, நிக்கலை உருவிக்கொண்டு போய்விடும்.

புரதம் நிறைய வருகிறது, ஆனால் எல்லாம் அடியில் தங்கிவிடுகிறது. என்ன செய்வது?

இந்தக் கேள்வியைக் கேட்காதவர்கள் குறைவு. ஜெல்லில் அடிப்படிவு வரிசையில் தடித்த பட்டை, மேல்நீர் வரிசையில் ஒன்றுமில்லை. பாக்டீரியா வேகமாகப் புரதத்தைச் செய்துதள்ள, அது சரியாக மடிய நேரம் கிடைக்காமல் கட்டிகட்டியாகத் திரண்டுவிட்டது என்று அர்த்தம். திரண்ட புரதத்தை யூரியாவில் கரைத்து மீட்கலாம் என்று புத்தகத்தில் இருக்கும். நிறமி நொதிகளில் அந்த முயற்சி பெரும்பாலும் உயிரில்லாத புரதத்தைத்தான் தருகிறது. நான் அதைப் பரிந்துரைப்பதில்லை.

வெப்பத்தைக் குறைப்பதுதான் முதல் மருந்து. 16 அல்லது 18 டிகிரி, ஐபிடிஜி 0.1 மில்லிமோலார். சமவெளியில் இதற்குக் குளிரூட்டும் வசதியுள்ள ஷேக்கர் வேண்டும், விலை எட்டாது. ஊட்டியில் குளிர்மாதங்களில் அறையே அதற்குக் கீழே இருக்கும். சூடேற்ற மட்டும் தெரிந்த சாதாரண ஷேக்கர் 18 டிகிரியில் அழகாக நிற்கும். கரையாத புரதங்களை டிசம்பர், ஜனவரிக்கு ஒதுக்கிவையுங்கள். மலை நமக்குத் தரும் உண்மையான அனுகூலம் இது. இதைப் பயன்படுத்தாமல் மாணவர்கள் மே மாதத்தில் 28 டிகிரியில் போராடுவதைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது.

அதற்கும் சரிவரவில்லை என்றால், எம்பிபி (மால்டோஸைப் பிடிக்கும் புரதம்) போன்ற நன்றாகக் கரையும் புரதத்தை வாலாக ஒட்டிப் பாருங்கள்.

மலை உயரம் சோதனையைப் பாதிக்குமா?

நன்றாகவே பாதிக்கும். ஆனால் யாரும் இதைச் சொல்லித்தருவதில்லை. ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரம், கொடைக்கானல் சுமார் 2,130 மீட்டர். இங்கே தண்ணீர் 100 டிகிரியில் கொதிப்பதில்லை. 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். வாட்டர் பாத்தை 95க்குத் திருகிவைத்துவிட்டு ‘95 டிகிரியில் 30 நிமிடம்’ என்று குறிப்பேட்டில் எழுதினால் அது உண்மையில்லை. தண்ணீர் ஆவியாகிக்கொண்டே இருக்கும், வெப்பம் மேலே ஏறாது.

ஜெல்லுக்கு மாதிரியைச் சூடாக்கும்போது உலர் பிளாக்கில் 95 வைத்தால் குழாயின் மூடி படார் என்று திறந்து மாதிரி சிதறும். 85 முதல் 90 டிகிரியில் பத்து நிமிடம் வையுங்கள், போதும். பின்னால் சொல்லப்போகும் டிஎஃப்ஆர் சோதனையில் வரும் பியூட்டனால் அமிலக் கலவைக்கு மட்டும் 95 வேண்டும். அதை உலர் பிளாக்கில், திருகுமூடிக் குழாயில், புகைபோக்கிப் பெட்டிக்குள் வைத்துச் செய்யுங்கள். பியூட்டனாலின் கொதிநிலை உயரத்திலும் 100க்கு மேலேதான் இருக்கும், அதனால் பிரச்சினை இல்லை.

நீராவி அழுத்தத்தில் கிருமி நீக்கும் ஆட்டோக்ளேவ் விஷயம் இன்னும் முக்கியம். 15 பவுண்டு அழுத்தத்தில் 121 டிகிரி என்று எல்லோரும் மனப்பாடம் செய்திருக்கிறோம். அது கடல்மட்டக் கணக்கு. அழுத்தமானியின் முள் காட்டுவது வெளிக்காற்றைவிட உள்ளே எவ்வளவு அதிகம் என்பதைத்தான். இங்கே வெளிக்காற்றின் அழுத்தமே குறைவு. ஊட்டியில் முள் 15இல் நிற்கும்போது உள்ளே ஏறத்தாழ 117 டிகிரிதான் இருக்கும். 121 வேண்டும் என்றால் முள் 18, 19க்கு வர வேண்டும். உங்கள் கருவி அந்த அழுத்தத்தைத் தாங்கும் என்று உற்பத்தியாளர் எழுதியிருந்தால் மட்டும் ஏற்றுங்கள். இல்லையென்றால் 15இலேயே வைத்து நேரத்தைக் கூட்டுங்கள், வெப்பம் காட்டும் பட்டையையும் உள்ளே போடுங்கள். எல்பி குழம்பு திரும்பத் திரும்பக் கெட்டுப்போகிறது என்று புலம்பும் ஆய்வகங்களில் நான் முதலில் பார்ப்பது இதைத்தான்.

குளிரும் ஒரு கணக்கைக் கெடுக்கும். டிரிஸ் பஃபரின் பிஎச், வெப்பம் ஒரு டிகிரி ஏறினால் சுமார் 0.03 இறங்கும். காலையில் 12 டிகிரி அறையில் பிஎச் 8.5 என்று சரிசெய்த டிரிஸ், 30 டிகிரி சோதனையில் 8.0 ஆகிவிடும். சோதனை நடக்கப்போகும் வெப்பத்துக்குப் பஃபரைக் கொண்டுவந்து பிஎச்சைச் சரிசெய்யுங்கள். பிஏஎல்லுக்கு இந்த அரைப் புள்ளி பெரிய வித்தியாசம்.

பிஏஎல் சோதனையை ஒருமுறை கணக்கோடு காட்டுங்களேன்.

பிஏஎல் ஃபினைல்அலனைனிலிருந்து அம்மோனியாவைப் பிரித்து சின்னமிக் அமிலத்தைத் தருகிறது. சின்னமிக் அமிலம் 290 நானோமீட்டர் ஒளியை உறிஞ்சும். குவார்ட்ஸ் குவெட் (ஒளிமானிக்குள் வைக்கும் சிறு குழாய்) கட்டாயம். சாதாரண பிளாஸ்டிக் குவெட் அந்த ஒளியை உள்ளே விடாது, கருவி ஏதோ ஒரு எண்ணைக் காட்டிக்கொண்டிருக்கும், நாமும் எழுதிக்கொண்டிருப்போம்.

100 மில்லிமோலார் டிரிஸ், பிஎச் 8.5. அதில் 10 மில்லிமோலார் ஃபினைல்அலனைன். மொத்தம் ஒரு மில்லிலிட்டர், 30 டிகிரிக்குச் சூடேறிய பிறகு நொதியைச் சேர்த்துக் கலக்கி அளவெடுக்கத் தொடங்குங்கள். உதாரணத்துக்கு, உறிஞ்சல் நிமிடத்துக்கு 0.05 ஏறுகிறது என்று வைப்போம். சின்னமிக் அமிலத்தின் உறிஞ்சல் கெழு (ஒரு மோலார் கரைசல் ஒரு சென்டிமீட்டர் பாதையில் எவ்வளவு உறிஞ்சும் என்ற எண்) இந்த அலைநீளத்தில் ஏறத்தாழ 10,000. 0.05ஐ 10,000ஆல் வகுத்தால் நிமிடத்துக்கு 5 மைக்ரோமோலார். ஒரு மில்லிலிட்டரில் அது 5 நானோமோல். போட்ட நொதி 10 மைக்ரோகிராம், அதாவது 0.01 மில்லிகிராம் என்றால், ஒரு மில்லிகிராமுக்கு நிமிடத்துக்கு 500 நானோமோல்.

இந்த எண்ணை நம்புவதற்கு முன் ஒன்று செய்யுங்கள். நொதியைப் பாதியாக்கிப் பாருங்கள், வேகமும் பாதியாக வேண்டும். இரண்டு மடங்காக்குங்கள், வேகமும் இரண்டு மடங்காக வேண்டும். அப்படி வரவில்லை என்றால் நீங்கள் அளப்பது நொதியின் வேகத்தை இல்லை.

டிஎஃப்ஆர் சோதனையில் கண்ணுக்கே சிவப்பு தெரியுமாமே?

தெரியும். டைஹைட்ரோகுவெர்செடினையும், எலக்ட்ரான் தரும் துணைப்பொருளான என்ஏடிபிஎச்சையும் கொடுத்தால் டிஎஃப்ஆர் நிறமில்லாத லியூக்கோசயனிடினைத் தரும். அது நிலைக்காத பொருள். எத்தில் அசிட்டேட்டில் பிரித்தெடுத்து, உலர்த்தி, பியூட்டனாலும் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் கலந்து சூடாக்கினால் சயனிடினாக மாறிச் சிவக்கும். 550 நானோமீட்டரில் அளக்கலாம். குளிர்ந்த காலையில் அந்தக் குழாயில் செம்பருத்தி நிறம் ஏறுவதைப் பார்க்கும் மாணவரின் முகத்தைப் பார்க்க வேண்டும், அவ்வளவு சந்தோஷம். ஆனால் அந்தச் சந்தோஷத்தில் எழுதும் முடிவுகள்தான் பிற்பாடு நிற்பதில்லை. அடுத்த கேள்விக்கான பதிலைப் படித்துவிட்டுத்தான் இதைச் செய்ய வேண்டும்.

நிறம் வந்துவிட்டது. நொதி வேலை செய்கிறது என்று எழுதலாமா?

எழுதக் கூடாது. இந்தப் பக்கம் முழுவதிலும் ஒரு பதிலை மட்டும் படிக்க உங்களுக்கு நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

மற்ற நொதிகளைப் பற்றி ஆராய்கிறவர்களுக்குக் கண்ணில் ஒன்றும் தெரியாது, அதனால் எண்ணைச் சந்தேகிப்பார்கள். நமக்கு நிறம் கண் முன்னே தெரிகிறது. பார்த்ததும் நம்பிவிடுகிறோம். ஆனால் நிறம் வர நொதியைத் தவிர எத்தனையோ காரணங்கள் உண்டு.

மேலே சொன்ன பியூட்டனால் அமிலக் கலவையில், இலைச்சாற்றில் இயல்பாகவே இருக்கும் புரோஆந்தோசயனிடின்களும் சிவக்கும். டானின் நிறைந்த இலையின் சாற்றை அப்படியே போட்டால் டிஎஃப்ஆர் துளியும் இல்லாமலே சிவப்பு வரும். சால்கோன் ஐசோமெரேஸ் சோதனையில் சால்கோனின் மஞ்சள் மறைவதை 390 நானோமீட்டருக்குப் பக்கத்தில் பார்க்கிறோம். சால்கோன் நொதி இல்லாமலும் தானாகவே வளையமாக மூடிக்கொள்ளும், பிஎச் ஏற ஏற வேகமாக. பீட்ரூட் வழிக்கு எல்-டோப்பா கொடுக்கிறோம், அது காற்றுப்பட்டே கருத்துப்போகும். பாலிஃபீனால் ஆக்சிடேஸுக்குக் கேட்டகால் கொடுத்தால் காரப் பஃபரில் அது தானாகப் பழுப்பாகும். என்ஏடிபிஎச் குறைவதை 340இல் பார்க்கிறோம், ஈ.கோலையின் சொந்தப் புரதங்களும் அதைச் செலவழிக்கும்.

அதனால் ஒவ்வொரு முறையும் நாலு குழாய்கள் பக்கத்தில் நிற்க வேண்டும். நொதி இல்லாத குழாய். அடிப்படைப் பொருள் இல்லாத குழாய். சூடாக்கிச் செயலிழக்கச் செய்த நொதி உள்ள குழாய். நான்காவதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள்: மரபணு இல்லாத வெறும் பிளாஸ்மிட் கொண்ட பாக்டீரியாவை அதே மாதிரி வளர்த்து, அதே மாதிரி உடைத்து, அதே நிக்கல் குழலில் விட்டு எடுத்த நீர். இந்த நான்காவது குழாயிலும் நிறம் வந்தால் அது பாக்டீரியாவின் வேலை. உங்கள் நொதியைப் பற்றி இன்னும் ஒன்றும் தெரியவில்லை.

வந்த பொருள் எது என்பதையும் காட்ட வேண்டும். சயனிடின், டெல்ஃபினிடின், பெலார்கோனிடின் மூன்றும் சிவப்பும் ஊதாவுமாகத்தான் தெரியும். கண்ணால் பிரிக்க முடியாது. பொருள்களைப் பிரித்துக் காட்டும் எச்பிஎல்சி கருவியில் உண்மையான மாதிரிப் பொருளோடு ஒப்பிட்டுப் பாருங்கள். உங்கள் கல்லூரியில் கருவி இல்லையா? மெல்லிய அடுக்குத் தகட்டில் மாதிரிப் பொருளைப் பக்கத்தில் ஓட்டியாவது காட்டுங்கள். கோயம்புத்தூருக்கு மாதிரியை அனுப்பி ஓட்டிவாங்கும் வழியும் உண்டு. அனுப்பும்போது அமிலம் கலந்த மெத்தனாலில், ஐஸ் பெட்டியில், வெளிச்சம் படாமல் அனுப்ப வேண்டும்.

ஆந்தோசயனின் மொத்த அளவு மட்டும் போதும் என்றால் பிஎச் வித்தியாச முறை இருக்கிறது. பிஎச் 1இல் நிறம் முழுதாகத் தெரியும், 4.5இல் மறையும். 520, 700 இரண்டு அலைநீளத்திலும் இரண்டு பிஎச்சிலும் அளந்து கழித்தால் கணக்கு வந்துவிடும். சயனிடின் குளுக்கோசைடு என்று கொண்டால் மூலக்கூறு எடை 449.2, கெழு 26,900. இது அளவைத்தான் சொல்லும், எந்த நொதி செய்தது என்று சொல்லாது.

கேரட்டை வைத்து எளிதாக ஏதாவது செய்யலாமா?

ரொம்ப அழகான சோதனை ஒன்று இருக்கிறது. பான்டோயா என்ற பாக்டீரியாவின் மூன்று மரபணுக்களை ஈ.கோலைக்குள் வைத்தால் அது லைக்கோபீன் செய்து, தட்டில் இளஞ்சிவப்புக் காலனிகளாக வளரும். அதோடு கேரட்டின் லைக்கோபீன் பீட்டா சைக்ளேஸ் மரபணுவையும் சேர்த்தால் காலனி ஆரஞ்சு மஞ்சளாகும். பீட்டா கரோட்டின் உருவாகிவிட்டது. நொதியைப் பிரித்தெடுக்கவே தேவையில்லை.

ஃபைட்டோயீன் சிந்தேஸை இதே பாணியில் சோதிக்க, அந்தப் படிக்கான பாக்டீரிய மரபணுவை மட்டும் நீக்கிய பிளாஸ்மிடை எடுங்கள். காலனிகள் வெள்ளையாக இருக்கும். கேரட் மரபணு வேலை செய்தால் சிவக்கும். தாவர நொதியின் முன்னால் அதைப் பிளாஸ்டிடுக்கு அனுப்பும் சிறிய துண்டு ஒன்று ஒட்டியிருக்கும், அதை வெட்டிவிட்டு வைத்தால் பாக்டீரியாவில் நன்றாக இயங்கும். தட்டுகளை இருட்டில், 28 டிகிரியில், இரண்டு மூன்று நாள் வையுங்கள். இங்கேயும் வெறும் பிளாஸ்மிட் தட்டு பக்கத்தில் இருக்க வேண்டும். காலனியின் நிறத்தைக் கண்ணால் பார்த்ததோடு நிறுத்தாமல், அசிட்டோனில் பிரித்து ஸ்பெக்ட்ரமும் எடுங்கள். பீட்டா கரோட்டினின் உச்சம் 450 நானோமீட்டரை ஒட்டி நிற்கும்.

எங்கள் பசுமைக்குடில் கார்னேஷனில் எல்லா நிறமும் வருகிறது. நீலம் ஏன் வரவில்லை? (கோத்தகிரிப் பக்க விவசாயி ஒருவர் கேட்டது)

அண்ணா, உங்கள் உரத்திலோ பராமரிப்பிலோ குறை எதுவும் இல்லை. நீலத்துக்கு வழிவிடும் டெல்ஃபினிடின் என்ற நிறமியைச் செய்யத் தேவையான அந்த 3',5'-ஹைட்ராக்சிலேஸ் நொதி கார்னேஷனுக்குக் கிடையாது. ரோஜாவுக்கும் கிடையாது. என்ன கலப்பினம் செய்தாலும் இல்லாத நொதி வராது. 1996இல் ஆஸ்திரேலியாவில் இந்த மரபணுவை வெளியிலிருந்து வைத்து ஊதா கார்னேஷனை விற்பனைக்குக் கொண்டுவந்தார்கள். பான்சி வகைச் செடியின் மரபணு வைத்த ரோஜா 2009இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்தது. அதுவும் முழு நீலம் ஆகவில்லை, இளம் ஊதாவோடு நின்றுவிட்டது. சந்தையில் நீல கார்னேஷன் என்று வேறு யாராவது காட்டினால் பெரும்பாலும் வெள்ளைப் பூவின் தண்டைச் சாயத்தண்ணீரில் வைத்ததாக இருக்கும்.

அப்படியென்றால் டெல்ஃபினிடின் இருந்தாலே நீலம்தானா?

இல்லை. நம் ஊர் ஹைட்ராஞ்சியாவே சாட்சி. இளஞ்சிவப்புப் பூவிலும் நீலப் பூவிலும் இருப்பது ஒரே டெல்ஃபினிடின் குளுக்கோசைடு. நீலகிரி மண் தேயிலைக்குப் பிடித்த அமில மண். அமில மண்ணில் அலுமினியம் கரைந்து வேர் வழியாக ஏறும். அந்த அலுமினியம் நிறமியோடும் பக்கத்தில் இருக்கும் துணைப்பொருள்களோடும் சேர்ந்தால் நீலம். வாசலில் சுண்ணாம்பு கொட்டிய இடத்தில் அதே செடி இளஞ்சிவப்பாகப் பூக்கும். ஆக, நொதி நிறமியைத்தான் தருகிறது. செல்லுக்குள் இருக்கும் பிஎச், உலோகம், துணை நிறமி மூன்றும் சேர்ந்துதான் கண்ணுக்குத் தெரியும் நிறத்தை முடிவு செய்கின்றன. பரிசோதனைக் குழாயில் சிவப்பாக நிற்கும் பொருள் பூவில் நீலமாக இருக்கலாம். ‘நீலப் பூவிலிருந்து எடுத்த நொதி நீலம் தரவில்லை’ என்று யாரும் பயப்பட வேண்டியதில்லை.

குறிஞ்சிப் பூவை எடுத்து ஆராயலாமா?

நீலக்குறிஞ்சி 12 ஆண்டுக்கு ஒருமுறை கூட்டமாகப் பூப்பது. 2006, 2018இல் கொடைக்கானல் பக்கம் மலையே நிறம் மாறியதைப் பார்த்தவர்களுக்கு ஆசை வருவது இயல்பு. ஆனால் வனத்துறையின் எழுத்து அனுமதி இல்லாமல் காட்டிலிருந்து ஒரு கிளையைக்கூட ஒடிக்காதீர்கள். பூத்து, விதை விழுந்தால்தான் அடுத்த தலைமுறை. தாய்ச்செடி அதோடு மடிந்துவிடும். பழகுவதற்குத் தோட்டத்துப் பான்சியும் பெட்டூனியாவும் தாராளமாகக் கிடைக்கின்றன. அவற்றில் முறையைச் சரிசெய்துகொண்ட பிறகு, உரிய அனுமதியோடு, சில மொட்டுகள் இருந்தாலே போதும்.

மரபணு மாற்றிய பாக்டீரியாவை வைக்க அனுமதி வேண்டுமா?

வேண்டும். சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம் 1986இன் கீழ் வந்த 1989 விதிகள் இதற்குப் பொருந்தும். நிறுவனத்தில் உயிரியல் பாதுகாப்புக் குழு இருக்க வேண்டும், வேலையைத் தொடங்கும் முன் அதற்குத் தெரிவிக்க வேண்டும். ஈ.கோலையின் இந்த ஆய்வக ரகங்கள் ஆபத்தில்லாதவைதான். ஆனாலும் வளர்த்த குழம்பைத் தொட்டியில் கொட்டக் கூடாது, ஆட்டோக்ளேவ் செய்துதான் வெளியேற்ற வேண்டும். உயரத்தில் ஆட்டோக்ளேவ் கணக்கு மாறும் என்று மேலே சொன்னது இங்கேதான் மிகவும் முக்கியமாகிறது. நம் ஓடைகள் நேராகக் கீழே இருக்கும் ஊர்களின் குடிநீருக்குப் போகின்றன.

சுத்தம் செய்த நொதியை எவ்வளவு நாள் வைத்திருக்கலாம்?

நொதிக்கு நொதி மாறும். பிஏஎல் உறுதியானது, டிஎஃப்ஆர் அவ்வளவு தாங்காது. 10 முதல் 20 சதவீதம் கிளிசரால் சேர்த்து, ஒருமுறைக்கு வேண்டிய அளவாகச் சிறு குழாய்களில் பிரித்து, மைனஸ் 80இல் வையுங்கள். உருக்கியதை மறுபடி உறையவைக்காதீர்கள்.

பருவமழையில் மரம் விழுந்து மின்சாரம் போவது இங்கே சகஜம். மலைப்பாதை அடைபட்டால் ஜெனரேட்டர் டீசலும் தாமதமாகும். ஃப்ரீசரைத் திறக்காமல் வைத்திருந்தால் பல மணி நேரம் குளிர் தாங்கும். காலியிடத்தில் ஐஸ் கட்டிப் பைகளை அடுக்கி வைத்திருப்பது உதவும். கூடவே ஒரு சிறு பாட்டிலில் தண்ணீரை உறையவைத்து, அதன்மேல் ஒரு நாணயத்தை வைத்துவிடுங்கள். மின்சாரம் வந்த பிறகு நாணயம் பனிக்கட்டிக்குள் இறங்கியிருந்தால் ஃப்ரீசர் நடுவில் உருகி மறுபடி உறைந்திருக்கிறது. அப்போது பழைய குழாய்களை எடுத்து நேரடியாகப் புதுச் சோதனையில் இறங்காமல், ஒரு குழாயை மட்டும் உருக்கி, அதன் பழைய வேகம் இருக்கிறதா என்று முதலில் அளந்து பாருங்கள். பாதிக்குக் கீழே இறங்கியிருந்தால் மீதியையும் ஒதுக்கிவிட்டுப் புதிதாகத் தயாரியுங்கள். பிளாஸ்மிட் கையில் இருக்கும்வரை ஒரு வாரத்து வேலைதான்.